மெட்ராஸ் வியாகுலம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தது

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் வியாகுலம் என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருவர் சங்கு வியாகுலம், அவர் சங்கு குளிக்கப் போகிறவர். இன்னொருவர் பல்லு வியாகுலம், அதற்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாமவர் மெட்ராஸ் வியாகுலம். அவர் என் அம்மாவின் தம்பி.

மாமாவுக்கு இந்தப் பெயர் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான். கல்யாணமான புதிதில் ஒரு நண்டு வியாபாரி இவரை வேறு வேலைக்குக் கூப்பிட்டார். ஐஸ் போட்ட நண்டுக் கூடைகளை ராமேஸ்வரத்தில் ரயில் ஏற்ற வேண்டும். கூடவே போய் மறுநாள் காலை சென்னை எழும்பூரில் இறக்க வேண்டும். பார்சல் ஆபீஸ் வாசலில் நிற்கிற ஹமீது சுல்தான் என்ற தரகரிடம் ஒப்படைத்துவிட்டு, அன்று சாயங்காலமே திரும்ப ரயில் ஏற வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, சீசனில் மூன்று முறை. வியாபாரி காலமாகி அவர் மகன் வந்தான். ஓலைக்கூடை போய் தெர்மகோல் பெட்டி வந்தது. மாமாவின் வேலை மாறவில்லை.

ஊரில் யாருக்குச் சென்னையில் காரியம் என்றாலும் முதலில் மாமா வீட்டுக்குத்தான் வருவார்கள். கண் ஆஸ்பத்திரி, வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ, பிள்ளைக்குக் கல்லூரி, எதுவானாலும் சரி. மாமா வாசலில் நின்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வழி சொல்வார்.

"நுங்கம்பாக்கமா? எக்மோர்ல எறங்கு. தாம்பரம் போற வண்டியில ஏறு. மொத ஸ்டேஷன் சேத்துப்பட்டு, ரெண்டாவது நுங்கம்பாக்கம். படிக்கட்டு ஏறி எறங்கு. அங்கன யாரைக் கேட்டாலும் சொல்லுவான்."

அவர் சொன்ன வழியில் போய் யாரும் தொலைந்ததில்லை. உண்மையிலேயே அங்கே யாரைக் கேட்டாலும் சொன்னார்கள்.

ஒவ்வொரு பயணத்திலும் மாமா வீட்டுக்கு ஏதாவது வாங்கி வருவார். பெட்டியைக் கட்டிப் பூட்டுகிற சங்கிலி, ஊதினால் உப்புகிற தலையணை, சீப்பு, நான்கு பேனா சேர்ந்த கட்டு, ஊசி நூல் டப்பா. மாமா வீட்டு நாயை ரயில் சங்கிலியில்தான் கட்டியிருந்தார்கள். ஆடுகளையும் அப்படித்தான். அக்கம்பக்கத்தார் இதை மெட்ராஸ் சாமான் என்று மரியாதையோடு பார்த்தார்கள். மாமாவின் மனைவி ஜோதிமேரி அத்தை மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அத்தை பொதுவாகவே சொல்லாமல் வைத்துக்கொள்கிற ஆள்.

விஷயம் என்னவென்றால், இந்த முப்பது வருடத்தில் மாமா ஸ்டேஷனை விட்டு வெளியே போனதே இல்லை.

ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், அது முதல் பயணம். கூடைகளை ஒப்படைத்துவிட்டு ஊரைப் பார்க்கலாம் என்று எழும்பூர் வாசலைத் தாண்டி நடந்தார். இரண்டு தெரு திரும்பினார். எங்கள் தீவில் திசை ஒரு பிரச்சினையே இல்லை. வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம், நடுவில் ரோடு. நடுக்கடலில் என்றால் காற்று சொல்லும். அந்தத் தெருக்களில் கடலும் தெரியவில்லை, காற்றும் வரவில்லை, உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேல் நின்றது. மாமா ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யோவ், கூடைக்காரா, எறங்கு" என்றார். கையில் கூடைகூட இல்லை. எப்படியோ எழும்பூர் திரும்பியபோது வண்டி போயிருந்தது. திருப்பிக் கொண்டுபோக வேண்டிய காலிக் கூடைகள் மட்டும் பிளாட்பாரத்தில் இவருக்காகக் காத்திருந்தன. வியாபாரி வாய்க்கு வந்தபடி ஏசினார். அன்றோடு மாமா ஒரு முடிவுக்கு வந்தார். ஸ்டேஷனுக்குள் இருக்கிற வரைக்கும் வழி தவறாது.

பகல் முழுவதும் என்ன செய்வது? பிளாட்பாரத்தில் ஒரு தூக்கம் போடுவார். பிறகு பீச் வரைக்கும் மின்சார ரயிலில் போய் வருவார், இல்லாவிட்டால் தாம்பரம் வரைக்கும். எந்த ஸ்டேஷனிலும் வாசல் வரைதான். வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார். இப்படியே ஒரு தலைநகரத்தின் ஸ்டேஷன் எல்லாம் அவருக்கு மனப்பாடமாயின.

எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டிகள் நின்ற காலம் அவருக்குத் தெரியும். பிளாட்பாரத்தின் ஓரம் வரைக்கும் பெரிய மனிதர்களின் கார் உள்ளே வந்து நிற்கும். அகலப்பாதை வந்தபோது பழைய தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்ததைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ராமேஸ்வரம் தடத்தை அகலமாக்க மூடியபோது வண்டி பிடிக்க மானாமதுரைக்கு நண்டு கொண்டு போனார். பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியபோது மண்டபத்துக்குக் கொண்டு போனார். புதிய பாலம் திறந்த பிறகுதான் மறுபடி ராமேஸ்வரத்தில் ஏற்றுகிறார்.

"மொதல்ல வந்தது ராயபுரம் ஸ்டேஷன்" என்பார். "வெள்ளக்காரன் அங்கனதான் ஆரம்பிச்சான். அதுக்குப் பெறகு சென்ட்ரல். நம்ம எக்மோரு கடைசியாப் பொறந்த புள்ள."

நான் ராமநாதபுரத்தில் பி.ஏ. வரலாறு படித்தவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் சரிபார்த்தேன். வரிசை சரிதான். ராயபுரம் 1856, சென்ட்ரல் 1873, எழும்பூர் 1908. வருடக் கணக்கில்தான் மாமாவுக்குக் கை தாராளம். ராயபுரத்துக்கு வயது முந்நூறு என்பார். நூற்றெழுபதுதான் மாமா என்று சொன்னால், "நீ போய்ப் பாத்தியா?" என்பார். அவரும் போய்ப் பார்க்கவில்லை. எப்போதாவது பீச்சைத் தாண்டி ரயிலில் அந்தப் பக்கமாகப் போனதுதான்.

எழும்பூருக்கு அடியில் மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய வருடங்களில் ஹமீது சுல்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார். "வியாகுலம், இப்ப நீ உக்காந்திருக்க எடத்துக்கு நேர் கீழ ஒரு மிஷின் போய்க்கிட்டு இருக்கு. கப்பல் மாதிரி பெருசு. மண்ணைத் தின்னுக்கிட்டே போவுது." மாமா கையிலிருந்த டீயைப் பார்த்தார். டீ அசையவில்லை. அதனால் அவர் அதை நம்பவில்லை. பிறகு ஒருநாள் ஸ்டேஷன் ஓரத்தில் படிக்கட்டு திறந்து ஜனங்கள் பூமிக்குள்ளிருந்து வரத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஹமீது சுல்தான் பொய் சொல்லவில்லை என்று மாமா ஒத்துக்கொண்டார்.

இவ்வளவும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஜெப்சிக்கு மாப்பிள்ளை வந்ததில்தான் சிக்கல்.

ஜெப்சி மாமாவின் ஒரே மகள். நர்சிங் முடித்திருந்தாள். மாப்பிள்ளை சகாயவினோத், சென்னை ராயபுரம். அவர்கள் பூர்வீகம் தொண்டிப் பக்கம், தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். பையன் சுரங்க ரயில் நிலையங்களுக்கு ஏசி பார்க்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் மெக்கானிக். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மா அமலோற்பவம்தான் தயங்கினார். கல்யாணத் தரகரிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"ஊர் தெரிஞ்ச சம்பந்தியா இருக்கணும். மூத்த மருமவ வூட்டாளுங்களுக்கு ஊர் தெரியாது. ஒரு பிரசவம்னா, ஒரு ஆஸ்பத்திரின்னா, ஒவ்வொரு தபாவும் நாங்களே எக்மோர் போய்க் கூட்டியாந்து கொண்டு வுட வேண்டியிருக்கு. மறுபடியும் என்னால முடியாது."

தரகர் சிரித்தார். "தங்கச்சி, பொண்ணோட அப்பன் பேரே மெட்ராஸ் வியாகுலம்."

அந்தப் பெயரில்தான் சம்பந்தம் கூடியது.

தை மாதத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதென்று முடிவானது. போய், அவர்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் முன்னால் ஜெபம் சொல்லி, அங்கே கை நனைத்துவிட்டால் பேச்சு உறுதி. சாமியார் காலை பத்து மணிக்கு வருவார், வேறு ஒரு கல்யாணம் இருப்பதால் அதிக நேரம் இருக்க மாட்டார். மாப்பிள்ளையின் அப்பா சூசையப்பு போனில், "எக்மோருக்கு வேன் அனுப்பட்டா?" என்று கேட்டார்.

மாமா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். "எனக்கு எதுக்குச் சம்பந்தி வேனு? மெட்ராஸ் எனக்கு இன்னிக்கு நேத்துப் பழக்கமா?"

பக்கத்தில் சகாயவினோத் இருந்திருக்கிறான். "மாமா, மெட்ரோல வந்துருங்க. எக்மோர்லயே கீழ எறங்கி சென்ட்ரல்ல மாறணும். அங்கேர்ந்து மூணாவது ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டை, நம்ம வூட்டுக்கு அதான் கிட்ட. நான் மேல நிக்கிறேன்."

எழும்பூரிலிருந்து வெளியே போகாமலே போகலாம் என்று கேட்டதும் மாமாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நாங்கள் மகள் கல்யாணச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் கிளம்பினோம். மாமாவின் பெரியப்பா மகன் சந்தியாகு மாமா தலைமை. விசைப்படகு ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் அதிகம். பழத்தட்டு, இனிப்பு, சேலைத் தட்டு, அதோடு சம்பந்திக்கு ஒரு பெட்டி நண்டு. முப்பது வருடப் பழக்கம், பெட்டி இல்லாமல் மாமாவுக்கு ரயில் ஏற வராது.

காலையில் எழும்பூரில் இறங்கினோம். ஸ்டேஷனை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பிளாட்பாரம் தகரத்துக்குப் பின்னால் இருந்தது. 'வெளியே செல்லும் வழி' என்று அம்பு போட்ட பலகை ஒன்று நேராகத் தகரத்தையே காட்டியது. சந்தியாகு மாமா அம்பை நம்பிப் போய்த் தகரத்தில் முட்டிக்கொண்டு திரும்பினார்.

"போர்டை நம்பாதீக" என்றார் வியாகுலம் மாமா. "வேலை நடக்குற எடத்துல போர்டு மாறிக்கிட்டேதான் இருக்கும். எம் பின்னாடி வாங்க."

சரியாகவே கூட்டிப் போனார். சுரங்கத்துக்குள் இறங்கினோம். சோதனைக் கருவிக்குள் பெட்டி போனபோது திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா, உள்ள ஏதோ காலை ஆட்டுது."

"நண்டு தாயீ. சம்பந்தி வீட்டுக்கு" என்றார் ஜோதிமேரி அத்தை.

"உயிரோடவா?"

"செத்ததை யாராச்சும் சம்பந்திக்குக் குடுப்பாகளா?"

அந்தப் பெண் யோசித்தாள். தண்ணீர் ஒழுகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரல் அடுத்த ஸ்டேஷன். கூட்டமே அந்தப் பக்கம்தான் போனது, தவறு நடக்க வழியில்லை. சென்ட்ரலில் இறங்கி வேறு தளத்துக்கு மாறினோம். அங்கே நடுவில் பிளாட்பாரம், இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு. ஒரு பக்கம் வடக்கே வண்ணாரப்பேட்டைக்கு, மறுபக்கம் தெற்கே விமான நிலையத்துக்கு. மேலே பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

மாமா பலகையைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். நடுவில் நின்று கண்ணை மூடினார். முகத்தை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பினார். ஓரிடத்தில் நின்றார். இடது கன்னத்தில் சில்லென்று காற்று பட்டது.

"வாடை" என்றார்.

வாடை என்பது வடக்கேயிருந்து வருகிற குளிர்காற்று. தை மாதம். ஊரில் முந்தின நாள் வாடை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கிளம்பினோம். ஒரு கடல்காரன் எடுக்கிற முடிவாக அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய இடது பக்கம் கதவுக்கு மேலே நீளமாக ஒரு சல்லடைத் தகடு இருந்தது. காற்று அதிலிருந்து வந்தது. அது ஏசி.

"இந்தப் பக்கந்தான் வடக்கு. இங்கன வாங்க."

சந்தியாகு மாமா தலையைத் தூக்கிப் பலகையைப் படித்தார். விமான நிலையம். என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை குனிந்து பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். ரயில் வந்தது. எல்லாரும் ஏறினோம்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால், "ஏன் ஒருத்தர்கூடச் சொல்லலை?" என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் படகில் ஏறினால் ஒரு வழக்கம் உண்டு. சுக்கான் பிடித்தவன் எந்தப் பக்கம் திருப்பினாலும் கரை வருகிற வரைக்கும் மறுபேச்சுக் கிடையாது. நடுக்கடலில் நாலு பேர் நாலு திசை சொன்னால் படகு எல்லை தாண்டி யாரிடமாவது மாட்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு போய், கரையில் கால் வைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம். கரைச் சண்டைக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிளம்பும்போது சந்தியாகு மாமாவே, "இன்னிக்குச் சுக்கான் வியாகுலம் கையில" என்று ஊர்முன் சொல்லியிருந்தார். எங்களில் பலகை படிக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கு மேல். பட்டதாரியும் இருந்தேன். யாரும் பேசவில்லை.

மாமா மூன்று விரலை மடக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒன்றை நீட்டினார். அரசினர் தோட்டம். எல்.ஐ.சி. மூன்றாவது விரலுக்கு, "ஆயிரம் விளக்கு" என்று அறிவித்தார்கள்.

"பேரை மாத்திட்டானுக போல" என்றார் மாமா.

"ம்" என்றார் சந்தியாகு மாமா. அவருடைய வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அது.

மாமா போன் அடித்தது. மாப்பிள்ளை. "மாமா, எங்க இருக்கீங்க? சாமியார் வந்துட்டாரு."

"வந்துக்கிட்டே இருக்கோம் மாப்ள."

அது உண்மைதான். எங்கே என்பதுதான் தெரியவில்லை. நாலாவது, ஐந்தாவது ஸ்டேஷனும் போயின. மாமா விரல்களைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். வெளியே கறுப்புச் சுவர். ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அப்போது அறிவிப்பு வந்தது. "அடுத்த நிலையம், சைதாப்பேட்டை."

மாமா நிமிர்ந்தார். சைதாப்பேட்டை அவருக்குத் தெரியும். தாம்பரம் போகிற பாதையில் மாம்பலத்துக்கு அடுத்தது. முப்பது வருடமாகத் தெரியும். அது எந்தக் காலத்திலும் எழும்பூருக்கு வடக்கே இருந்ததில்லை.

அதற்கும் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் ரயில் பூமியை விட்டு மேலே ஏறியது. வெயில் சரேலென்று உள்ளே விழுந்தது. எல்லார் முகத்திலும் இடது பக்கம் வெயில். காலை நேரம். வடக்கே போகிறவனுக்கு வலது கன்னத்தில் அடிக்க வேண்டிய வெயில் அது. மாமா சூரியனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் வேறு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கிண்டியில எறங்குறோம்" என்றார்.

இறங்கினோம். அவ்வளவு நேரமும் ஒடுங்கியிருந்த மனிதர் கிண்டியில் மாறிவிட்டார். அங்கே பக்கத்திலேயே பழைய மின்சார ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. மேம்பாலம் வழியாக எங்களை ஓட்டிக்கொண்டு போனார். பீச் வண்டி எந்தப் பிளாட்பாரம், எந்தப் பெட்டியில் கூட்டம் குறைவு, எங்கே நின்றால் வாசல் நேராக வரும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உட்கார இடம்கூடப் பிடித்துக்கொடுத்தார். வழி நெடுக ஸ்டேஷன் பெயர்களை அறிவிப்புக்கு முன்னால் அவரே சொன்னார். மாம்பலத்தில் கூட்டம் ஏறும், தட்டைத் தூக்கிப் பிடி என்றார். கூட்டம் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் சந்தியாகு மாமா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"இது எக்மோர் மாதிரியில்ல இருக்கு?"

"எக்மோர்தான்."

"காலையில எறங்குனோமே, அதா?"

"அதேதான்."

சந்தியாகு மாமா வாயைத் திறந்தார். பிறகு கரை இன்னும் வரவில்லை என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

பீச்சில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்து, ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் ராயபுரம். மாமா சொல்லிக்கொண்டே இருந்த அந்த முதல் ஸ்டேஷன். பழைய கட்டடம், வரிசையாகத் தூண்கள். பிளாட்பாரத்தில் இரண்டு நாய்களும் நாங்களும். மாமா தூணைத் தட்டி, "முந்நூறு வருசம்" என்றார். நான் திருத்தவில்லை. கரை வரவில்லை.

மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, சகாயவினோத் மூவரும் வாசலில் நின்றார்கள். நாங்கள் பீச்சில் இருந்தபோது ஜோதிமேரி அத்தை தன் போனிலிருந்து அவர்களை இங்கே வரச் சொல்லியிருக்கிறார். அதை மாமாவிடம் சொல்லவில்லை.

"சாமியார் இவ்ளோ நேரம் இருந்துட்டு இப்பதான் கெளம்புனாரு" என்றார் அமலோற்பவம். குரலில் சூடு இல்லை, ஆனால் குளிர்ச்சியும் இல்லை. "வண்ணாரப்பேட்டைல பையன் ஒரு மணி நேரமா நின்னான். நீங்க பாட்டுக்கு ராயபுரம் ஸ்டேஷன்ல வந்து எறங்குறீங்க. அண்ணனுக்கு மெட்ராஸ் நல்லாப் பழக்கம்னு சொன்னாங்களே?"

ஸ்டேஷன் வாசலில் தரையில் ஒரு இரும்புப் பட்டை பதித்திருந்தார்கள். அவர்கள் அதற்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மாமா பட்டைக்கு முன்னால் பெட்டியை வைத்துவிட்டு நின்றார்.

சந்தியாகு மாமா முன்னால் வந்தார். "அது வந்து மதினி, சனமெல்லாம் மெட்ராஸைச் சுத்திப் பாக்கணும்னு ஆசைப்பட்டுச்சு. வியாகுலந்தான் கிண்டி வரைக்கும் காட்டிக் கூட்டியாந்தான்."

நல்ல பொய். நாங்கள் எல்லாரும் தலையாட்டத் தயாராக இருந்தோம். மாமா அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"ஸ்டேஷன் வரைக்கும் பழக்கம், தங்கச்சி" என்றார். "வெளிய வந்ததில்ல."

"எந்த ஸ்டேஷன்?"

"எல்லா ஸ்டேஷனும்."

அமலோற்பவம் மாமாவின் காலைப் பார்த்தார். கால்விரல்கள் பட்டைக்கு இந்தப் பக்கம் வரிசையாக இருந்தன. அத்தைதான் முதலில் பேசினார்.

"எனக்குத் தெரியும்."

மாமா திரும்பினார். "என்ன தெரியும்?"

"முப்பது வருசமா மெட்ராஸ் போற மனுசன் ஒரு வளவி வாங்கியாந்ததில்ல. ஒரு சீலை வாங்கியாந்ததில்ல. சங்கிலியும் தலகாணியும். அதெல்லாம் பிளாட்பாரத்துல விக்கிறதுன்னு நாய்க்கே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க சொன்னீகளா?"

அமலோற்பவம் முதலில் அத்தையைப் பார்த்தார், பிறகு தன் கணவரை. "உங்க அப்பாரும் இப்படித்தானே? தொண்டிலேர்ந்து வந்து சாவற வரைக்கும் ஹார்பர் கேட்டுக்கு அந்தாண்ட பாரிமுனைய பாத்ததில்ல. கேட்டா, நமக்கு எதுக்குன்னுவாரு." சூசையப்பு ஆமாம் என்று தலையாட்டினார். அமலோற்பவம் குனிந்து நண்டுப் பெட்டியைத் தூக்கப் போனார். "வாங்கண்ணே. சோறு ஆறுது. சாமியார் சாயங்காலம் வருவாரு."

பெட்டியை விட மாமாவுக்கு மனம் வராது. அவரும் ஒரு பக்கம் பிடித்தார். அமலோற்பவம் வெளிப்பக்கமாக இழுத்தார். பெட்டியோடு மாமாவும் பட்டையைத் தாண்டினார்.

சந்தியாகு மாமா காலைத் தெருவில் வைத்தார். ஒரு தடவை மண்ணை மிதித்துப் பார்த்தார்.

"கரை வந்திருச்சா?"

"வந்திருச்சு" என்றார் மாமா.

"ஏலே வியாகுலம்! ஏரோப்ளேன் ஏறவாலே எங்களக் கூட்டிப் போன? போர்டுல அம்மாம் பெரிசா எழுதிருக்கான், கண்ண மூடிக்கிட்டு நடுவுல நிக்கிற, பேய் பிடிச்சவன் மாதிரி!"

"வாடை அடிச்சுச்சுய்யா!"

"பூமிக்கு அடியில ஏதுலே வாடை? எக்மோர ஒரே நாள்ல ரெண்டு தடவ பாத்த ஒரே சனம் நாமதான்!"

"தகரத்துல முட்டுனவன் பேசாத!"

அதன் பிறகு ஒருவரும் பாக்கியில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. தட்டுத் தூக்கியவர்கள் தட்டோடு கத்தினார்கள். என் அம்மா தம்பி பிறந்ததிலிருந்து செய்ததையெல்லாம் சொல்லி ஏசினார். ராயபுரத்துக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். முன்னால் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நடந்த அமலோற்பவம் திரும்பாமலே கணவரிடம், "நம்ம சனந்தாங்க" என்றார்.

மாப்பிள்ளை வீட்டு வாசல் வந்ததும் சண்டை நின்றது. கை கழுவினோம். உட்கார்ந்தோம். சாப்பிட்டோம்.

சாயங்காலம் சாமியார் வந்து ஜெபம் சொன்ன பிறகு சகாயவினோத் மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான். "மாமா, சென்ட்ரல்ல எந்த எடத்துல காத்து வந்துச்சு?"

மாமா கையால் காட்டினார். நடுத்தூணுக்குப் பக்கத்தில், கதவுக்கு மேலே.

"இடது பக்கமா?"

"இடது பக்கம்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். "அங்க ஏசி காத்து சரியா வரலைன்னு போன மாசந்தான் அழுத்தம் கூட்டி வெச்சோம். நான்தான் வெச்சேன்."

மாமா தன் இடது கன்னத்தைத் தடவினார். "நல்லா வருது மாப்ள" என்றார்.

சித்திரையில் கல்யாணம் முடிந்தது. ஊரில் இப்போது மெட்ராஸ் வியாகுலம் என்று யாரும் சொல்வதில்லை. கிண்டி வியாகுலம். சந்தியாகு மாமா வைத்த பெயர், இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டது. மாமா எதிர்க்கவில்லை. சென்னைக்கு வழி கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். அவரும் இன்னும் சொல்கிறார், ஸ்டேஷன் வரைக்கும். அதற்கு மேல் கேட்டால், "எனக்குத் தெரியாதுப்பா, எம் மருமவனைக் கேளு" என்று நம்பரைக் கொடுக்கிறார்.

நண்டுப் பெட்டியை ஹமீது சுல்தானிடம் ஒப்படைத்ததும் மாமா இப்போது தூங்குவதில்லை. எழும்பூரில் மின்சார ரயில் ஏறி, பீச்சில் மாறி, ராயபுரத்தில் இறங்கி, இரும்புப் பட்டையைத் தாண்டி மகள் வீட்டுக்கு நடந்தே போகிறார். போன தடவை வளையல் வாங்கி வந்தார். அத்தை அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, அளவு சிறிது என்றார்.

"எக்மோர்லயே மெட்ரோ ஏறுனா சீக்கிரம் வந்துரலாமே மாமா" என்று சகாயவினோத் ஒவ்வொரு முறையும் சொல்கிறான்.

"அங்கன காத்து சரியில்ல மாப்ள" என்கிறார் மாமா.